பெட்டி நம்ம வீட்டில், சாவி யார் கையில்?

“எந்த ஸ்டிக் வாங்கலாம்?”

நாலு பேர் கூடுகிற இடத்தில் இப்போதெல்லாம் தவறாமல் வருகிற கேள்வி இது. மொட்டை மாடியில் துருப்பிடித்துக்கொண்டிருக்கும் டிஷ்ஷைக் கழற்றி எறிய வேண்டும். மாசா மாசம் ரீசார்ஜ் பண்ணி மாளவில்லை. நல்ல மழை பெய்தால் படம் போய்விடுகிறது. பிராட்பேண்ட் எப்படியும் வீட்டுக்கு வந்தாயிற்று. டி.வி.யின் முதுகில் ஒரு ஸ்டிக்கைச் செருகிவிட்டால் தீர்ந்தது தொல்லை. ஆகவே அமேசானா, கூகுளா, ஆப்பிளா, இல்லை பிராட்பேண்ட் கம்பெனியே கொடுக்கிற பெட்டியா?

கேள்வி தப்பு என்கிறேன். கேட்க வேண்டியது வேறு. “என் காசில் வாங்கி, என் வீட்டில், என் கரண்ட்டில் ஓடுகிற இந்தச் சாமானை நாளைக்கு யார் நினைத்தால் நிறுத்த முடியும்?” இதைக் கேட்காமல் மாடல் நம்பரைக் கேட்டுக்கொண்டிருப்பது, பூட்டின் நிறத்தைப் பார்த்து வீடு வாங்குவது மாதிரி.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. பெட்டி விஷயத்தில் நாம் ரொம்ப அனுபவசாலிகள். என்ன, ஞாபக மறதிதான் ஜாஸ்தி.

2003 செப்டம்பர் 1 ஞாபகம் இருக்கிறதா? சி.ஏ.எஸ். என்று ஒன்று வந்தது. கட்டணச் சேனல் பார்க்க வேண்டுமானால் ‘செட் டாப் பாக்ஸ்’ வேண்டும். இலவசச் சேனல்களுக்கு மாதம் 72 ரூபாயும் வரியும். நாலு பெருநகரங்களிலும் வருவதாக இருந்தது, கடைசியில் சென்னையில்தான் ஒழுங்காக அமலானது. மற்ற ஊர்களில் தள்ளிப் போட்டார்கள், தடுமாறினார்கள். ‘வேண்டிய சேனலுக்கு மட்டும் காசு’ என்பதுதான் அன்றைய கோஷம். சென்னைவாசி என்ன செய்தான்? பெட்டி விலையைக் கேட்டான். சும்மா இருந்துவிட்டான். பெட்டி வாங்கியவர்கள் மிகச் சொற்பம்.

பிறகு டி.டி.எச். வந்தது. 2007 டிசம்பரில் சன் டைரக்ட் வந்த பிறகு நம் மொட்டை மாடிகளில் காளான் முளைப்பது மாதிரி டிஷ் முளைத்தது. ஒரு கம்பெனி பிடிக்கவில்லை என்று அடுத்த கம்பெனிக்குப் போனவர்கள் எல்லாரும் பழைய பெட்டியைப் பரணில் போட்டுவிட்டுப் புதுப் பெட்டி வாங்கினார்கள். ஏன்? ஒரு கம்பெனி பெட்டியில் இன்னொரு கம்பெனி கார்டு வேலை செய்யாது. சட்டம் அப்படியா சொன்னது? இல்லை. 2001-ல் மத்திய அரசு வகுத்த டி.டி.எச். உரிம விதிகளிலேயே, எந்தப் பெட்டியும் எந்தக் கம்பெனிக்கும் பொருந்துகிற மாதிரி இருக்க வேண்டும் என்று இருக்கிறது. நடைமுறையில் யாரும் கண்டுகொள்ளவில்லை. 2020 ஏப்ரலில் டிராய் மறுபடியும் அதையே பரிந்துரை செய்தது. பரிந்துரை பரிந்துரையாகவே இருக்கிறது. மொபைல் நம்பரை மாற்றாமல் கம்பெனியை மாற்றும் உரிமை 2011 ஜனவரியில் நாடு முழுக்க வந்துவிட்டது. டி.வி. பெட்டிக்கு அந்த உரிமை இன்னும் வரவில்லை. நம்பரை மாற்றலாம் என்றால் பெட்டியை ஏன் மாற்ற முடியாது? யாராவது பதில் சொன்னால் தேவலை.

“அதெல்லாம் தனியார் பிசாத்து வேலை” என்று சொல்கிறவர்களுக்கு அரசு கேபிள் கதை இருக்கிறது. 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய் என்று ஆரம்பித்த சேவை. 2017-ல் டிஜிட்டலுக்கு மாறியபோது பெட்டியை இலவசமாகக் கொடுத்தார்கள். 2022 நவம்பரில் ஒரு நாள் தமிழ்நாடு முழுக்கப் பல லட்சம் வீடுகளில் அந்தப் பெட்டிகள் செத்துப்போயின. புயல் இல்லை, மழை இல்லை, ஒயர் அறுபடவில்லை. பெட்டிக்குள் இருந்த மென்பொருளைக் கொடுத்த தனியார் நிறுவனத்துக்கும் அரசு கேபிள் நிறுவனத்துக்கும் தகராறு. வழக்கு, போலீஸ் என்று போய், சேவையைத் திரும்பக் கொண்டுவருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பெட்டி அரசாங்கத்துடையது, டி.வி. உங்களுடையது, கரண்ட் உங்களுடையது. சாவி மட்டும் மூன்றாவது ஆள் ஒருவரிடம். அரசாங்கத்துக்கே இந்தக் கதி என்றால் நீங்களும் நானும் எம்மாத்திரம்?

சரி, உலக மகா கம்பெனி ஸ்டிக் வாங்கினால் இந்தப் பிரச்னை வராதுதானே?

2025 மார்ச்சில் என்ன நடந்தது தெரியுமா? கூகுளின் ‘க்ரோம்காஸ்ட்’ கருவிகளில் 2015-ல் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவிகள் உலகம் முழுக்க ஒரே நேரத்தில் வேலை செய்வதை நிறுத்திவிட்டன. காரணம், கருவிக்குள் இருந்த ஒரு டிஜிட்டல் சான்றிதழின் காலம் முடிந்துவிட்டது. பத்து வருஷத்துக்கு முன்னால் யாரோ போட்டுவைத்த தேதி. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கருவி, தேதி வந்ததும் கட்டை. சில நாளில் சரி செய்தார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சரி செய்தது அவர்கள். உங்களால் முடிந்திருக்காது. கருவியை ‘ரீசெட்’ பண்ணிப் பார்த்தவர்களுக்கு நிலைமை இன்னும் மோசமானதுதான் மிச்சம்.

அமேசான் 2025-ல் ‘வேகா’ என்ற புது இயங்குதளத்தோடு ஒரு ஸ்டிக்கை வெளியிட்டது. அதில் அமேசான் கடையில் இருக்கிற ஆப்பைத்தான் போட முடியும். வெளியிலிருந்து நீங்களாக எதையும் ஏற்றிக்கொள்ள முடியாது. டி.வி. செய்கிற கம்பெனிகளையும் ஒப்பந்தத்தால் கூகுள் கட்டிப்போடுகிறது என்று இந்தியப் போட்டி ஆணையத்தில் புகார் போய், 2025 ஏப்ரலில் சுமார் 20 கோடி ரூபாய் கட்டி, தன் விதிகளைத் தளர்த்துவதாகவும் ஒப்புக்கொண்டு கூகுள் சமரசம் செய்துகொண்டது. ஆக, டி.வி. செய்கிறவருக்கே சாவி கிடைக்கவில்லை.

இனி வாடகைக்கு வருவோம். ஸ்டிக் விலை சில ஆயிரம்தான். செலவு அதோடு முடிந்தது என்று நினைப்பவர் கல்யாணச் செலவு என்றால் பத்திரிகை அடிக்கிற செலவு மட்டும்தான் என்று நினைக்கிற அப்பாவி.

அமேசான் ப்ரைம் 2016-ல் இந்தியாவுக்கு வந்தபோது அறிமுக விலை வருஷத்துக்கு 499 ரூபாய். 2021 டிசம்பரில் 1,499. அதற்கு மேல் 2025 ஜூன் 17 முதல் நடுவில் விளம்பரமும் வர ஆரம்பித்தது. விளம்பரம் வேண்டாமா, வருஷத்துக்கு 699 ரூபாய் தனியாகக் கட்டு என்றார்கள். காசு கொடுத்துச் சீட்டு வாங்கியவனிடம், பக்கத்து சீட்டுக்காரர் தோளில் சாயாமல் இருக்க இன்னொரு சீட்டு வாங்கு என்பது மாதிரி.

கிரிக்கெட்டைப் பாருங்கள். 2023-லும் 2024-லும் ஐ.பி.எல். ஜியோ சினிமாவில் இலவசம். ஆஹா, இதுவல்லவோ புரட்சி என்று கொண்டாடினோம். 2025 பிப்ரவரி 14 அன்று ஜியோ சினிமாவும் ஹாட்ஸ்டாரும் சேர்ந்து ஒன்றாயின. காதலர் தினம், பொருத்தம்தான். அந்த வருஷ ஐ.பி.எல்.லை முழுசாகப் பார்க்கச் சந்தாவோ, சந்தாவோடு சேர்ந்து வருகிற ரீசார்ஜோ தேவைப்பட்டது. ஓசியில் ஊற்றிக் கொடுத்துப் பழக்கிவிட்டுப் பிறகு விலை சொல்வது எந்த வியாபாரத்தின் தந்திரம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கேபிளும் டிஷ்ஷும் மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. 2019-ல் டிராய் கொண்டுவந்த விதிப்படி, நூறு சேனலுக்கு அடிப்படைக் கட்டணம் அதிகபட்சம் 130 ரூபாய், வரியோடு 153 ரூபாய் 40 காசு. கட்டணச் சேனலுக்குத் தனிக் காசு. ‘பிடித்த சேனலுக்கு மட்டும் காசு’ என்ற 2003-ன் அதே கோஷம்தான். பலருக்கு பில் ஏறியதுதான் மிச்சம். 2024 ஜூலையில் அந்த 130 ரூபாய் உச்சவரம்பையும் டிராய் எடுத்துவிட்டது. ஆகவே டிஷ்ஷுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஒரு வாடகை வீட்டிலிருந்து கிளம்பி இன்னொரு வாடகை வீட்டுக்குப் போகிறவர், ‘சொந்த வீடு வாங்கிவிட்டேன்’ என்று கிரகப்பிரவேசப் பத்திரிகை அடிக்க வேண்டாம் என்கிறேன். அவ்வளவுதான்.

இப்போது ஒரு வீட்டுக்குள் போய்ப் பார்ப்போம். திருநின்றவூரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அரக்கோணம் மார்க்க லோக்கலை நம்பிப் பிழைக்கிற ஊர். காலையில் மகன் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போய்விடுகிறார். மருமகள் ஆவடிக்கு. பேரன் ஸ்கூலுக்கு. பகல் முழுக்க வீட்டில் பாட்டி. துணைக்கு டி.வி.

டிஷ் இருந்தவரைக்கும் பாட்டிக்கு ஒரு ரிமோட். சிவப்பு பட்டனை அமுக்கினால் படம் வரும். நம்பரை அமுக்கினால் சன். இன்னொரு நம்பர், விஜய். இன்னொரு நம்பர், ஜீ தமிழ். எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட நம்பரின் இடத்தைக் கைவிரலாலேயே மனப்பாடம் பண்ணிவைத்திருப்பார். அந்த வீட்டில் பாட்டிக்கு என்று மிச்சமிருந்த ஒரே அதிகாரம் அந்த ரிமோட்தான்.

ஸ்டிக் வருகிறது. சன் வேண்டுமா, சன் நெக்ஸ்ட். விஜய் வேண்டுமா, ஜியோ ஹாட்ஸ்டார். ஜீ தமிழா, ஜீ5. ஒரே டிஷ்ஷில் பக்கத்துப் பக்கத்து நம்பராக இருந்த மூன்று சேனலுக்கு இப்போது மூன்று கடை, மூன்று கணக்கு, மூன்று பாஸ்வேர்டு. ஒரு நாள் மத்தியானம் திரையில் ‘மறுபடியும் லாகின் செய்யவும்’ என்று வரும். ஓ.டி.பி. எங்கே போகும்? அம்பத்தூரில் மெஷின் முன்னால் நிற்கிற மகனின் போனுக்கு. ஷிப்ட்டில் போன் எடுக்க முடியாது. சாயங்காலம் வரைக்கும் பாட்டி இருட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். கம்பெனியிடமிருந்து போனது ஒரு சாவி. வீட்டுக்குள்ளேயே பாட்டியிடமிருந்து போனது இன்னொரு சாவி. இந்த இரண்டாவது நஷ்டத்தை எந்த ‘டாப் 10 ஸ்டிக்’ பட்டியலிலும் பார்க்க முடியாது. ஆனால் தினமும் எட்டு மணி நேரம் அந்த டி.வி.யோடு வாழ்கிறவர் பாட்டிதான். வாங்குகிறவர் மகன். மகனின் வசதிக்குப் பாட்டியின் பகலைப் பலி கொடுப்பதற்குப் பெயர் முன்னேற்றமா?

கணக்கும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். எச்.டி. படம் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 3 ஜி.பி. வரை தின்னும் என்று நெட்ஃப்ளிக்ஸே சொல்கிறது. ஒரு நாளைக்கு 5 மணி நேரம் என்றால் 15 ஜி.பி. மாதத்துக்கு 450 ஜி.பி. ஒழுங்கான பிராட்பேண்ட் இருந்தால் தாங்கும். செல்போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தால், தினம் 2 ஜி.பி. பேக் ஒரு சீரியல் முடிந்து அடுத்த சீரியல் பாதியில் காலி. ஏரி நிரம்பினால் தெருவில் தண்ணீர் நிற்கிற ஊர் இது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையிலும் புறநகரிலும் கரண்டும் இணையமும் நாள் கணக்கில் போன பகுதிகள் உண்டு. மழையில் டிஷ் கொஞ்ச நேரம் போகும். கம்பத்தில் தொங்குகிற கேபிள் அறுந்தால் ஆள் வந்து ஒட்டவைக்கும்வரை போகும்.

பெட்டி உங்களைப் பார்ப்பதையும் சொல்ல வேண்டும். டிஷ்ஷுக்குச் சமிக்ஞை வானத்திலிருந்து கீழே மட்டும்தான் வரும். ஸ்டிக்கும் ஸ்மார்ட் டி.வி.யும் திரும்பப் பேசும். நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள், எந்த இடத்தில் நிறுத்தினீர்கள், எல்லாம் போகும். அமெரிக்காவில் விஸியோ என்ற டி.வி. கம்பெனி 1.1 கோடி டி.வி.க்களில் ஜனங்கள் பார்ப்பதைச் சொல்லாமல் கொள்ளாமல் சேகரித்து விற்றது என்று 2017-ல் 22 லட்சம் டாலர் கட்டியது. ‘ஆயுசுக்கும் எல்லாச் சேனலும் ஃப்ரீ’ என்று விற்கிற பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பெட்டிகள் இன்னும் மோசம். வாங்கும்போதே வைரஸோடு வருகிற இந்த மாதிரிக் கருவிகள் பற்றி 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. பகிரங்க எச்சரிக்கை விட்டது. வீட்டு இணையத்தையே திருடர்கள் பயன்படுத்தும் சந்து ஆக்கிவிடும் என்றது. ஃப்ரீ என்றால் எதற்கு ஃப்ரீ என்று கேட்க நாம் எப்போது கற்றுக்கொள்ளப் போகிறோம்?

திருநின்றவூருக்கு இன்னொரு பெருமை உண்டு. கையில் காசில்லாத பூசலார் நாயனார் கல்லும் மண்ணும் இல்லாமல் மனசுக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டிய ஊர் அது. பல்லவ ராஜா காஞ்சியில் கட்டிய கற்கோயிலின் கும்பாபிஷேகத்தைத் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டு, சிவன் இங்கே வந்தார் என்பது பெரிய புராணம். நாமும் இப்போது மனக்கோயில்தான் கட்டுகிறோம். ‘என் பட்டியல்’ என்று இருநூறு படங்களைச் சேர்த்துவைத்துக்கொண்டு, எல்லாம் நம்மிடம் இருப்பதாக நினைக்கிறோம். ஒரு வித்தியாசம். பூசலார் கோயிலை யாராலும் பூட்ட முடியவில்லை. நம்முடையது சந்தா முடிகிற ராத்திரி 12 மணிக்குப் பூட்டிக்கொள்ளும்.

அப்படியானால் ஸ்டிக் வாங்கவே கூடாதா? தாராளமாக வாங்குங்கள். நினைத்த நேரத்தில் பார்க்கலாம். ஒன்பது மணி சீரியலுக்காகச் சாப்பாட்டை அவசரமாக முடிக்க வேண்டாம். ஈரான் படமும் கொரியப் படமும் வீட்டுக்கே வரும். இதெல்லாம் நிஜமான லாபம். கண்ணைத் திறந்துகொண்டு வாங்குங்கள் என்பதுதான் என் கட்சி.

முதலில், டி.வி. வேறு, அதன் மூளை வேறு என்று வையுங்கள். நல்ல டி.வி. பத்து வருஷம் உழைக்கும். அதற்குள்ளே இருக்கும் ‘ஸ்மார்ட்’ மூன்று நாலு வருஷத்தில் திணற ஆரம்பிக்கும். எனவே ‘ஸ்மார்ட்’டுக்காக டி.வி.க்கு அதிகம் கொட்டாதீர்கள். எச்.டி.எம்.ஐ. துளை இருக்கிற பழைய டி.வி.யே போதும், மூளை வெளியே இருந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். 2006-க்குப் பிறகு அரசு கொடுத்த 14 அங்குல டி.வி. மாதிரியானவற்றில் அந்தத் துளை கிடையாது, அதற்கு டிஷ்தான். ஸ்டிக்கில் ராம் 2 ஜி.பி.க்குக் குறைந்தால் தொடாதீர்கள். நீங்கள் கட்டுகிற ஆப் அந்தக் கருவியில் எச்.டி.யில் ஓடுமா என்று கேளுங்கள். சான்று பெறாத பெட்டியில் எச்.டி.க்குக் காசு கட்டினாலும் மங்கலாகத்தான் தெரியும்.

இரண்டாவது, டிஷ்ஷை முதல் நாளே கழற்றாதீர்கள். இரண்டு மாசம் இரண்டும் இருக்கட்டும். அந்த இரண்டு மாசமும் பகலில் பாட்டி தனியாக டி.வி. போடுகிறாரா என்று பாருங்கள். போட முடியவில்லை என்றால் உங்கள் பரீட்சையில் ஸ்டிக் ஃபெயில். அடிப்படைக் கேபிள் ஒன்றை வைத்துக்கொண்டு, ஒரே ஒரு ஆப் சேர்ப்பது பல வீடுகளுக்குப் போதும். மாசச் சந்தாவே வேண்டாம் என்பவர்களுக்குத் தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் இருக்கிறது. 2004 டிசம்பரிலிருந்து இருக்கிறது. பெரிய தமிழ்த் தனியார் சேனல்கள் அதில் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். டி.டி. தமிழ் வரும்.

மூன்றாவது, வருஷச் சந்தா என்ற தூண்டிலைக் கடிக்காதீர்கள். ஒரு மாசம் ஒரு கடை. பார்த்து முடித்ததும் சந்தாவை நிறுத்துங்கள், அடுத்த மாசம் அடுத்த கடை. ‘ஆட்டோ பே’யை முதல் நாளே ரத்து பண்ணுங்கள். காசு எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் சொல்ல வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதியே இருக்கிறது. அந்த எஸ்.எம்.எஸ்.ஸைப் படிக்காமல் தள்ளிவிடுவது நம் தப்பு.

இதெல்லாம் நீங்கள் செய்யக்கூடியது. உங்களால் தனியாகச் செய்ய முடியாதது ஒன்று இருக்கிறது. அதற்குத்தான் அரசாங்கம்.

பத்து ரூபாய் பிஸ்கெட் பாக்கெட்டில் எதுவரைக்கும் சாப்பிடலாம் என்று தேதி போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. மாத்திரை அட்டையில் இருக்கிறது. ஐந்தாயிரம் ரூபாய் ஸ்டிக்கில்? எந்தத் தேதிவரை இதற்குப் பாதுகாப்பு அப்டேட் வரும் என்று ஒரு வரி இல்லை. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் இணையத்தோடு இணையும் பெரும்பாலான வீட்டுச் சாமான்களுக்கு, குறைந்தபட்சம் எந்தத் தேதிவரை பாதுகாப்பு அப்டேட் தருவோம் என்று தயாரிப்பாளர் சொல்லியே ஆக வேண்டும். சட்டம். அங்கே சொல்ல முடிகிற கம்பெனிகளுக்கு இங்கே மட்டும் நாக்கு ஏன் எழவில்லை? எம்.ஆர்.பி. அச்சடிக்கிற அட்டையில் இன்னும் ஒரு வரிக்கு இடமா இல்லை? அந்த ஒரு வரியையும், எந்தப் பெட்டியிலும் எந்தக் கம்பெனி சேவையும் ஓட வேண்டும் என்ற 2001-ன் விதியையும் அமல்படுத்தினாலே பாதிச் சாவி நம் கைக்கு வந்துவிடும்.

அதுவரை ஒன்று செய்யுங்கள். அடுத்த முறை கடையில் “எந்த மாடல் சார்?” என்று கேட்டால், “இது எந்த வருஷம் வரைக்கும் ஓடும்? பில்லில் எழுதிக் கொடுங்கள்” என்று கேளுங்கள். எழுதித் தர மாட்டார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கூப்பிட்டு அதே கேள்வியைக் கேளுங்கள். ஒருத்தர் கேட்டால் கிறுக்கன் என்பார்கள். ஆயிரம் பேர் கேட்டால் அட்டையில் அச்சடிப்பார்கள்.